பில்லில் ஏறிய பெயர்

காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள் பொடி வாங்கும் கடைகளில் சபாபதியின் கடையும் ஒன்று. பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பும் முனையில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் முதலில் மூக்கு எரியும். அப்புறம்தான் டப்பாக்களுக்கு நடுவே சபாபதி இருப்பது கண்ணுக்குத் தெரியும். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார முதுகு ஒத்துழைக்கவில்லை என்று சின்ன வயதிலேயே கடைக்கு வந்துவிட்டார். அரக்கு, மயில்கழுத்து, மாந்துளிர், வெங்காயச் சருகு என்று எந்த நிறத்தைக் கேட்டாலும் எந்தப் பொடியோடு எதைச் சேர்க்க வேண்டும் என்று நிறுத்துக்கொண்டே சொல்லுவார். தொழிலில் அவரைக் குறை சொன்னவர் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே தொந்தரவு, ஊரில் பெயர்கள் போதவில்லை என்பதுதான்.

ஏகாம்பரநாதர் கோயில் பக்கத்தில் பிறந்த ஆண்களில் பாதிப் பேர் ஏகாம்பரம். வரதராஜர் கோயில் பக்கத்தில் பாதிப் பேர் வரதன். பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், காமாட்சி. இவர்கள் எல்லாரும் சாயப்பட்டறை வைத்திருந்தார்கள், எல்லாரும் சபாபதியிடமே பொடி வாங்கினார்கள். எந்த ஏகாம்பரம் எந்தச் சிவப்பை எடுத்துக்கொண்டு போனார் என்பது மாதக் கடைசியில் ஒரு பெரிய குழப்பமாக வந்து நின்றது.

அதற்குச் சபாபதி ஒரு வழி வைத்திருந்தார். கார்பன் வைத்து பில் எழுதுவார். வாங்கியவருக்குக் கிழித்துக் கொடுக்கும் தாளில் பெயர் இருக்காது, ‘ரொக்கம்’ என்று மட்டும் இருக்கும். அவர் படியிறங்கியதும் தன்னிடம் தங்கிய பிரதியின் தலையில் ஆளை அடையாளம் காட்டுகிற மாதிரி ஒரு பெயர் எழுதிக்கொள்வார். அந்தப் பெயரை அவரே வைப்பார். எப்போது வந்தாலும் ஒரு டீ குடித்து, அடுத்த டீ வரும்வரை பேசிக்கொண்டிருந்து, அதையும் குடித்துவிட்டுப் போகிற ஏகாம்பரத்துக்கு ‘ரெண்டாவது டீ’. வருஷக்கணக்காகப் பெண் பார்த்துக்கொண்டே இருந்த ஏகாம்பரத்துக்கு ‘மாப்பிள்ளை’. அவருக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் பில் புத்தகத்தில் அவர் மாப்பிள்ளைதான். பட்டறை நடத்திய எல்லம்மாள் உப்புப் பெறாத விஷயத்தையும் வழக்குப் போல இரண்டு பக்கமும் எடுத்துப் பேசுவார். அவருக்குக் ‘கோர்ட்டு’. சபாபதி இந்தப் பெயர்களை யாரிடமும் சொன்னதில்லை. மனைவி துர்காதேவியிடம்கூடச் சொன்னதில்லை. வெளியே சிரிக்காத மனிதர். எழுதும்போது மட்டும் உதட்டின் ஓரம் கொஞ்சம் அசையும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது வாட் வந்தது.

2007 ஜனவரி முதல் தேதியிலிருந்து விற்பனை வரி போய் மதிப்புக் கூட்டு வரி வரும் என்றார்கள். வியாபாரிகள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மைக் பிடித்தவர்கள் எதிர்த்தும் ஆதரித்தும் பேசினார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது. வாட் என்றால் என்ன என்பது மட்டும் விளங்கவில்லை. மறுநாள் சபாபதி சின்னக் காஞ்சிபுரத்துக்குப் போனார். கணக்குப் பார்க்கும் பூவராகவன் அங்கே இருந்தார். கோயில் கைங்கரியக் குடும்பம். நெற்றியில் திருமண்ணும் மேஜையில் வரிச் சட்டமுமாக இருப்பார். எதைக் கொடுத்தாலும் அடுத்த வாரம் வாங்கோ என்பார். அடுத்த வாரம் போனாலும் அதையேதான் சொல்லுவார்.

அன்றைக்கு அவர் விளக்கமாகவே பேசினார். இனி ஒருவர் கட்டின வரியை அடுத்தவர் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பில் ஒழுங்காக இருக்க வேண்டும். விற்றவர் பெயர், வாங்கினவர் பெயர், விலாசம், புதிதாகக் கொடுத்திருக்கும் பதிவு எண் எல்லாம் பில்லில் ஏற வேண்டும். ரொக்கம் என்று எழுதி அனுப்புகிற காலம் முடிந்தது. கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிவிடுவது உத்தமம் என்றார்.

“கையால எழுதினா ஆவாதா சாமி?” என்று சபாபதி கேட்டார்.

“பேஷா ஆகும். நீங்க எழுதினா ஆகாது” என்றார் பூவராகவன். சபாபதியின் கையெழுத்தை அவர் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்.

கம்ப்யூட்டர் வந்தது. புதிதில்லை, ஓர் ஆஸ்பத்திரி கழித்துக்கட்டியது. கூடவே ஊசி குத்துகிற மாதிரிச் சத்தம் போடும் பிரிண்டரும் வந்தது. பொடி படக்கூடாது என்று கடையின் ஒரு மூலையைக் கண்ணாடி போட்டுத் தடுத்தார்கள். அந்தக் கண்ணாடி ஒரு வாரத்தில் ரோஜா நிறமாகியது. அதற்குள் உட்கார முசரவாக்கத்திலிருந்து கலாவதி வந்தாள். கல்யாணமான பெண். புருஷனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட் வேலை. கம்ப்யூட்டரில் டிப்ளமோ வாங்கிவிட்டு இரண்டு வருஷம் வீட்டில் இருந்தவள். வேலை கிடைத்ததில் ரொம்பப் பொறுப்பாக இருந்தாள். காகிதத்தில் ஈ உட்கார்ந்த கறை இருந்தால் அது புள்ளியா, கறையா என்று கேட்டுக்கொள்ளாமல் மேலே போகமாட்டாள்.

டிசம்பர் மாதம் முழுக்க அவளுக்குப் பழைய பில் புத்தகங்களையும் செலவு நோட்டையும் பார்த்து வாங்குபவர், பணம் வாங்கினவர் விவரங்களை ஏற்றுகிற வேலை. சபாபதி அவளிடம் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

“இன்னா எழுதியிருக்குதோ அத அப்படியே ஏத்தும்மா. உன் இஷ்டத்துக்கு எதையும் மாத்தாத.”

அவர் பொடியின் எடையையும் விலையையும் மனத்தில் வைத்துச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்குமாக எடுத்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை அவளுக்குச் சந்தேகம் வந்தது. கோர்ட்டு என்று ஒரு பார்ட்டி இருக்கிறதே, விலாசம் என்ன என்று கண்ணாடிக்குள்ளிருந்து கேட்டாள். சபாபதி சாயத்துக்குச் சேர்க்கும் ஆசிட்டைப் புட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமல் பிள்ளையார்பாளையம் என்றார். காஞ்சிபுரம் கோர்ட்டு அங்கே இல்லை என்பது கலாவதிக்குத் தெரியும். ஆனால் இந்தக் காலத்தில் கம்பெனிகளுக்கு என்னென்னவோ பெயர் வைக்கிறார்கள். அவள் ஏற்றிவிட்டாள்.

ஜனவரியில் புது பில் ஓட ஆரம்பித்தது. எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து. வாங்க வந்தவரைப் பார்த்து, பழைய புத்தகத்தில் அவருக்கு என்ன பெயர் என்று சபாபதி மெதுவாகச் சொல்லுவார், கலாவதி தட்டுவாள், பிரிண்டர் அலறும். சபாபதி தாளை வாங்கித் தேதி, எடை, வரி, கூட்டல் நான்கையும் விரல் வைத்துச் சரிபார்ப்பார். பெயரை மட்டும் பார்க்கமாட்டார். ஆள்தான் எதிரே நிற்கிறாரே. ‘ரெண்டாவது டீ’ என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது ஆளை அடையாளம் காட்டுவதற்கு. அது தாளில் வந்து உட்காரும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வாங்கினவர்களும் பார்க்கவில்லை. பில்லை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்கள். கம்ப்யூட்டர் அடித்த பில்லில் தப்பு இருக்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் பூவராகவன் ஆள் அனுப்பி வரச் சொன்னார். அந்தப் பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர்கள் பலருக்கும் அவர்தான் கணக்குப் பார்க்கிறவர். அவர்கள் கொண்டு வந்து கொட்டிய பில்கள் மேஜையில் அடுக்கி இருந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

“மெஸர்ஸ் ரெண்டாவது டீ. மெஸர்ஸ் மாப்பிள்ளை. மெஸர்ஸ் கோர்ட்டு, பிள்ளையார்பாளையம்.” நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இவாள்ளாம் யாரு?”

நடந்தது இன்னது என்று சபாபதிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

“போகட்டும். உங்க செலவுக் கணக்குல ஆடிட் ஃபீஸ்னு ஒரு எண்ட்ரி இருக்கு. வாங்கிண்டவர் பேரு அடுத்த வாரம்னு போட்டிருக்கு. அது யாரோ?”

பூவராகவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பில் போட்டால் போட்டதுதான், கிழித்தெறிய முடியாது என்றார். வாங்கினவரிடம் போன தாள் திரும்பி வர வேண்டும். பழையதை ரத்து என்று எழுதிச் சேர்த்து வைத்துவிட்டு, சரியான பெயரில் புது பில் கொடுக்க வேண்டும். மாதம் முடிவதற்குள் செய்தால் நல்லது. சபாபதி எழுந்து கும்பிட்டார். வாசல்வரை போனவரைப் பூவராகவன் கூப்பிட்டு, சரி பண்ணினதையெல்லாம் எடுத்துக்கொண்டு எப்போது வர வேண்டும் என்று தெரியுமா என்று கேட்டார். சபாபதி தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

கடைக்கு வந்து கலாவதியைக் கேட்டார். அவள் பயப்படவில்லை. “நீங்கதான சார் எதையும் மாத்தாதன்னீங்க” என்றாள். அது உண்மை என்பதால் சபாபதி போய்த் தராசைத் துடைத்தார்.

அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் பழைய பில்லைக் கேட்டார், முழுப் பெயரைக் கேட்டார், தகப்பன் பெயரைக் கேட்டார். இத்தனை வருஷம் பழகிவிட்டு இப்போது பெயர் கேட்கிறானே என்று சிலர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்கள் பில்லைப் படிக்காமலேயே திருப்பிக் கொடுத்தார்கள். ‘ரெண்டாவது டீ’ ஏகாம்பரம் மட்டும் படித்துப் பார்த்துவிட்டார். அன்றைக்கு முதல் டீயையும் குடிக்காமல் போனார். மறு வாரம் வந்து இரண்டையும் குடித்தார். எல்லம்மாள் தன் மருமகளை விட்டுப் படிக்கச் சொல்லி விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். சண்டை வரும் என்று சபாபதி தயாராக நின்றார். எல்லம்மாளோ, அந்தப் பெயரை எடுக்க வேண்டாம் என்றார். கூலி பாக்கி வைத்திருந்த ஒருவரிடம் இந்த பில்லைக் காட்டினாராம். அந்த ஆள் கோர்ட்டு என்ற எழுத்தைப் பார்த்ததும் மறுநாளே தீர்த்துவிட்டாராம். அந்தப் பெயரை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று எல்லம்மாளுக்குப் புரியவைக்கப் பாதி நாள் ஆயிற்று. அவர் இரண்டு பக்கத்தையும் எடுத்துப் பேசிவிட்டுத்தான் பில்லைக் கொடுத்தார்.

பரமசிவம் மட்டும் வரவில்லை.

பரமசிவமும் சபாபதியும் ஏறக்குறைய ஒரே வயது. பிள்ளையார்பாளையத்தில் பட்டறை. காந்தி ரோட்டில் குமரகுரு நடத்திய பெரிய பட்டுக் கடைக்கு முகூர்த்தப் புடவைக்கான நூல் பூராவும் அவர்தான் சாயம் போட்டுக் கொடுப்பார். அவர் போட்ட அரக்கை வெந்நீரில் ஊறவைத்தாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். கார்பன் பிரதியில் அவருக்குச் சபாபதி வைத்திருந்த பெயர் ‘சாயம் போனவர்’.

அந்தப் பெயருக்கும் நூலுக்கும் சம்பந்தமில்லை. பரமசிவத்துக்கு முடி சீக்கிரமே நரைத்துவிட்டது. சில வருஷத்துக்கு முன்னால் சபாபதியின் தங்கை மகள் கல்யாணத்துக்கு முதல்முறையாகத் தலைக்குக் கறுப்பு அடித்துக்கொண்டு வந்திருந்தார். ஊருக்கெல்லாம் நிறம் ஏற்றுகிறவர், தன் தலையில் அவசரப்பட்டுவிட்டார். மாப்பிள்ளை அழைப்பு தெருவில் வரும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் மண்டபத்துக்குள் ஓடினார்கள். பரமசிவம் உள்ளே வந்து நின்றபோது வெள்ளைப் பட்டுச் சட்டையில் இரண்டு தோளிலும் கறுப்பு வழிந்திருந்தது. பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சபாபதியும் துர்காதேவியும் அதில் உண்டு. பரமசிவம் யாரையும் பார்க்காமல் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, சபாபதியும் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த பில்லின் பிரதியில் அந்தப் பெயர் ஏறியது. அன்றைக்குச் சபாபதியின் உதடு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அசைந்திருக்க வேண்டும்.

சபாபதி சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அடுப்பு எரியவில்லை. செப்புத் தொட்டி கவிழ்ந்திருந்தது. மூங்கில் கழிகளில் பழைய நூல் கொஞ்சம் காய்ந்துகொண்டிருந்தது. பரமசிவம் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். தலை கன்னங்கரேலென்று இருந்தது. இப்போதெல்லாம் நல்ல சாயமாக வாங்குகிறார் போலிருக்கிறது என்று சபாபதிக்குத் தோன்றியது. தோன்றியதற்காக உடனே தன்னைத் திட்டிக்கொண்டார்.

நடந்ததைப் பரமசிவம் சுருக்கமாகச் சொன்னார். ஜனவரியிலிருந்து எல்லாரும் எல்லாரிடமும் பில் கேட்கிறார்கள், எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. குமரகுரு கடையிலும் கூலிச் சீட்டோடு பொடி வாங்கின பில்லையும் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். அங்கே கணக்கு எழுதுகிறவர் சத்தமாகப் படித்தார். குமரகுரு வாங்கிப் பார்த்தார். பொடி விற்கிறவரே இவரைச் சாயம் போனவர் என்று சொல்கிறார் என்றால் சும்மா சொல்லமாட்டார் என்று நினைத்தார் போலிருக்கிறது. தை முகூர்த்த நூல் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பரமசிவத்தை மரியாதையாக அனுப்பிவிட்டார்கள்.

சபாபதி கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவர்தான். வாயில் வந்தது வேறு.

“நான் போயி குமரகுருகிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிடறேன்பா. நூல் சாயமில்ல, தலைச் சாயம்தான்னு.”

பரமசிவம் நூலை விட்டுவிட்டுத் திரும்பினார். “அத மட்டும் சொல்லாத. சொன்னேன்னா நான் காந்தி ரோட்டுல தலை காட்ட முடியாது.”

“சொல்லலன்னா ஆர்டர் வராதே.”

“வராது” என்றார் பரமசிவம். மறுபடியும் நூலைத் திருப்பப் போய்விட்டார்.

சபாபதி கடைக்குத் திரும்பவில்லை. நேராகக் காந்தி ரோட்டுக்குச் சைக்கிளை விட்டார். என்ன சொல்வது என்று தீர்மானம் எதுவும் இல்லை. எப்படியும் ரத்து செய்ய அந்தத் தாள் வேண்டும். அதை வாங்கும்போது கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடலாம் என்பதுதான் அவர் வைத்திருந்த யோசனை.

குமரகுரு சபாபதியைவிடச் சின்னவர், மரியாதையான மனிதர். மெத்தையில் உட்காரச் சொல்லி மோர் வரவழைத்தார். பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்த கல்யாண வீட்டார் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சபாபதி கம்ப்யூட்டர் கோளாறைச் சொன்னார். குமரகுரு பொறுமையாகக் கேட்டார். கணக்கரிடமிருந்து பில்லை வாங்கி முன்னால் வைத்தார்.

“நம்ம கடையிலயும் கம்ப்யூட்டர் இருக்குதுண்ணே. அது தப்பா கூட்டுது, ரெண்டு தரம் அடிக்குது, நின்னு போவுது. சாயம் போனவர்னு தானா எழுதினதில்ல” என்றார். பிறகு குரலை இறக்கி, பரமசிவம் கடைசியாகப் போட்ட நூலைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டதாகவும், நூலில் குறை இல்லை என்றும் சொன்னார். குறை இல்லாவிட்டாலும் இப்படி ஒரு பெயர் உள்ள ஆளிடம் சாயம் போடுவதாக வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அதுதான் அவருக்குப் பயம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாகணும் என்றார்.

சபாபதி பில்லைப் பார்த்தார். பெரிய எழுத்தில் இருந்தது. ஜனவரியிலிருந்து இத்தனை பில்லைக் கையில் வாங்கிக் கொடுத்தவர், முதல்முறையாக ஒரு பில்லின் பெயரை உட்கார்ந்து படித்தார். மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அது என் பேருங்க” என்றார்.

குமரகுரு அவர் தலையைப் பார்த்தார். முக்கால்வாசி வெள்ளை.

“இப்ப உட்டுட்டேன்” என்றார் சபாபதி.

பிறகு கதையைச் சொன்னார். தங்கை மகள் கல்யாணம், முதல்முறையாகத் தலைக்கு அடித்துக்கொண்டது, மாப்பிள்ளை அழைப்பு, மழை, வெள்ளைப் பட்டுச் சட்டை, தோள் இரண்டிலும் கறுப்பு, பின்வாசல் வழியாகச் சாப்பிடாமல் வந்தது. ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர் ஆனதால் நன்றாகவே வந்தது. அன்றிலிருந்து தெரிந்தவர்கள் தன்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள். பில்லில் விற்றவராக ஏற வேண்டிய தன் பெயரைப் புதிதாக வந்த பெண் வாங்கினவர் இடத்தில் போட்டுவிட்டாள். பரமசிவத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புடவை பிரித்துக்கொண்டிருந்த விற்பனைப் பையன்கள் பாதிப் புடவையில் நிறுத்திவிட்டார்கள். பெங்களூர்க்காரர்களில் தமிழ் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு மெல்லக் கன்னடத்தில் சொல்லத் தொடங்கினார்.

குமரகுரு சிரிக்காமல் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று விசாரித்தார்.

“அந்தத் தலைச் சாயம் உங்க கடையில எடுத்ததாண்ணே?”

“இல்லீங்க. மளிகைக் கடையில வாங்கினது.”

“அதான பாத்தேன்” என்றார் குமரகுரு. பில்லை மடித்துச் சபாபதியிடம் கொடுத்தார். மாசி நூலை நாளைக்கே பரமசிவம் பட்டறைக்கு அனுப்பச் சொல்லி ஆளைக் கூப்பிட்டார். சபாபதி படியிறங்கி சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளும்போதுதான் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. கடை முழுக்கச் சிரித்தது.

காந்தி ரோட்டில் ஒரு செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்பது சபாபதிக்குத் தெரியாததில்லை. மறுநாளே வந்தவர்கள் எல்லாரும் முதலில் அவர் தலையைப் பார்த்தார்கள். பிறகுதான் பொடி கேட்டார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கேட்டார். தை மாதத்தில் ஒரு மேகம் கிடையாது. டீக்கடைக்காரர், அண்ணனுக்குக் கறுப்பு டீயா வெள்ளை டீயா என்றார். கலாவதி கண்ணாடிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயரையும் இதில் இழுத்தாயிற்று என்று சபாபதி வருத்தப்பட்டபோது, பரவாயில்லை சார், என் பேரு யாருக்கும் தெரியல, புதுப் பொண்ணுன்னுதான் சொல்றாங்க என்றாள்.

சாயப்பொடி விற்கிறவருக்குச் சாயம் போனவர் என்று பெயர் இருப்பது வியாபாரத்துக்கு நல்லதில்லை. சில பட்டறைக்காரர்கள் வேறு கடைக்குப் போய்ப் பார்த்தார்கள். அந்த மாதமும் அடுத்த மாதமும் கடை மந்தமாக இருந்தது. கோயிலுக்குப் போனால் பிராகாரத்தில் எதிரே வருகிறவர்கள் ஒரு நொடி உதட்டைக் கடித்துக்கொள்வதைச் சபாபதி கவனித்தார். தான் பெயர் வைத்தவர்கள் யாருக்கும் அது தெரியாது. அதனால் அவர்களுக்கு வலித்திருக்காது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் அவருக்கு முன்னால் அந்தப் பெயர் போய் உட்கார்ந்திருந்தது. அதைத் தாண்டித்தான் அவர் உள்ளே போக வேண்டியிருந்தது. ஒருநாள் சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் இருந்துவிட்டார்.

துர்காதேவிக்கு விஷயம் காய்கறிக் கடையில் தெரிந்தது. அந்தக் கல்யாணத்தில் அவளும் இருந்தவள். கறுப்பு வழிந்த தோள் யாருடையது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. அவர் இரண்டாம் தடவை ரசம் வாங்கும்போதுதான் பேசினாள்.

“அந்தச் சட்டைக் கறை எப்படித்தான் போச்சுன்னு கேட்டாங்க” என்றாள்.

சபாபதி நிமிர்ந்தார்.

“ஊற வச்சுத் தோச்சும் போவலன்னு சொன்னேன். அப்புறம் தலையணைக்கு உறை தச்சுட்டேன்னு சொல்லிட்டேன்.”

சபாபதி ரசத்தைக் குடித்தார். அவர்கள் வீட்டில் பட்டில் தலையணை உறை எதுவும் கிடையாது. அன்றைக்குச் சோறு இறங்கியது.

பரமசிவம் பங்குனியில் வந்தார். குமரகுரு கடை நூல் குவிந்திருந்ததால் அதுவரை பட்டறையை விட்டு நகர முடியவில்லை. ஆளை விட்டுத்தான் பொடி எடுத்துக்கொண்டிருந்தார். அரக்குக்கும் கிளிப்பச்சைக்கும் கேட்டார். சபாபதி நிறுத்தார். கலாவதி அடித்தாள். பரமசிவம் பில்லை வாங்கித் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்தார். சரியாக இருந்தது. மடித்து வைத்துக்கொண்டும் போகாமல் நின்றார். கடையில் வேறு யாரும் இல்லை.

“குமரகுரு கடையில எல்லாத்தையும் சொன்னியாமே” என்றார்.

“சொன்னேன்.”

“சாப்பிடாம வந்துட்டேன்னு சொன்னியாம்.”

“ஆமா. பின்பக்கமா போனியே.”

“பின்பக்கமாதான் போனேன். பந்தி அங்கதான நடந்துக்கினு இருந்துச்சு” என்றார் பரமசிவம். “உக்காந்து நல்லா சாப்ட்டுட்டுதான் வந்தேன். உன் தங்கச்சிதான் பரிமாறினாங்க. அவங்களக் கேட்டுப் பாரு.”

அந்த மனிதன் பசியோடு வீட்டுக்குப் போனான் என்று சபாபதி சில வருஷமாக நினைத்திருந்தார், கொஞ்சம் வருத்தமும் பட்டிருந்தார். பரமசிவம் பொட்டலத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நீ பண்ணினதுக்கு நான் என்ன செய்யணும் என்று தெரியவில்லை, வீட்டில் நல்லது கெட்டதுக்கு நூல் சாயம் போடணும் என்றால் கூலி வாங்கமாட்டேன், அவ்வளவுதான் என்றார். சபாபதி அதெல்லாம் வேண்டாம் என்றார். பில் போட வேண்டாமா என்று கண்ணாடிக்குள்ளிருந்து கலாவதி கேட்டாள். இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. அவளுக்கு அது வேலை.

சித்திரைக்குப் பிறகு கடை பழையபடி ஆயிற்று. போய்ப் பார்த்தவர்கள் திரும்பி வந்தார்கள்; வேறு கடையில் எடுத்த மயில்கழுத்து சரியாக நிற்கவில்லை என்றார்கள். ஆறாம் மாதம் வரி அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார்கள். ரத்தான பில்கள் கட்டாக இருந்ததைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். படித்துக்கொண்டே போனவர்கள் பாதியில் தண்ணீர் கேட்டார்கள். ஆனால் கணக்கில் தப்பு இல்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். பூவராகவன் அந்த வருஷக் கணக்கை, சொன்ன வாரத்துக்குள்ளேயே முடித்துக் கொடுத்தார்.

கலாவதி இரண்டு வருஷம் இருந்துவிட்டு அவள் புருஷன் வேலை செய்த கம்பெனியிலேயே நல்ல வேலைக்குப் போனாள். அதன்பிறகு சபாபதியே கண்ணாடிக்குள் உட்கார்ந்து ஒற்றை விரலால் அடித்தார். எந்த ஏகாம்பரம் என்று தெரிவதற்குத் தகப்பன் பெயரைச் சேர்த்தார். தகப்பனும் ஏகாம்பரமாக இருந்தால் தெருப் பெயரைச் சேர்த்தார். பில் நீளமாகியது. யாருக்கும் வேறு பெயர் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று கை பரபரக்கிற நாளும் உண்டு. அப்போது எழுந்து போய் டப்பாக்களின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

அவருக்கு வந்த பெயர் போகவில்லை. சில வருஷத்தில் அது எதனால் வந்தது என்பதே பலருக்கு மறந்துவிட்டது. முசரவாக்கத்திலிருந்தோ திருப்புட்குழியிலிருந்தோ புதிதாக யாராவது வந்து பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டால், சாயம் போனவர் கடையா, முனையில் இருக்குது என்று கையைக் காட்டுவார்கள். வந்தவர்கள் கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே நுழைவார்கள். சாயம் போனவர் கடை இதுதானா என்று கேட்பார்கள். சபாபதி ஆமாம் என்பார். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே தராசைப் பக்கத்தில் இழுப்பார்.